ஒண்டி ஆளுக்கு ஓர் அறை

ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரி காந்தி வீதியில் பெரிய கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். அந்த ஷட்டர்களுக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து இன்னொரு கடைத்தெரு முளைக்கும். ஊரே அதை சண்டே மார்க்கெட் என்று சொல்லும். சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் வாளி, பழைய பாடப்புத்தகம் என்று எதை வேண்டுமானாலும் பேரம் பேசி வாங்கலாம். போன மாசியில் அங்கே பழைய இரும்புச் சாமான் விற்கும் பெரியவர் ஒருவரின் தார்ப்பாயில் சாவிக் குவியல் ஒன்றைப் பார்த்தேன். ஒவ்வொரு சாவியோடும் ஒரு வளையம், வளையத்தில் உள்ளங்கை நீளத்துக்கு மரக்கட்டை, கட்டையில் வெள்ளைப் பெயிண்ட்டில் எண். லாட்ஜ் சாவிகள்.

"எந்த லாட்ஜோடதுங்க இது?"

"இடிச்ச கட்டடத்துலருந்து வந்ததும்மா. எதுன்னு கேட்டு வெச்சுக்கல. பூட்டு கிடையாது, சாவி மட்டுந்தான்."

ஒன்றைக் கையில் எடுத்தேன். எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்துக் கறுத்திருந்த கட்டை. பித்தளையும் தேங்காய் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை. வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்தத் தெருவில் நின்றபடியே நான் அப்பாவோடு ஒரு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

அப்பா கும்பகோணம் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். நான் கோயில் சிற்பங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பதிவு செய்திருந்த நேரம். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்தில் தமிழ்நாட்டுக் கோயில்கள், செப்புத் திருமேனிகளின் புகைப்படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, போய்ப் பார்க்காமல் இந்தத் தலைப்பைத் தொடாதே என்று என் வழிகாட்டி சொல்லிவிட்டார். 1955-இல் தொடங்கிய நிறுவனம் அது. கோயில் கோயிலாகப் போய் அவர்கள் எடுத்து வைத்த படங்கள்தான் பிற்காலத்தில் சிலைக் கடத்தல் வழக்குகளில், இந்தச் சிலை இந்த ஊரில் இருந்தது என்பதற்குச் சான்றாக நின்றன. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும், போனால் தங்க வேண்டும், தங்கப் பணம் வேண்டும். இந்த மூன்றுதான் எங்கள் வீட்டுக் கவலை.

அணைக்கரைப் பாலம் தாண்டி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம், கடலூர் என்று பஸ் மாறி மாறிப் போனோம். முள்ளோடை எல்லையைத் தாண்டியதும் சாலையோரம் சாராயக் கடைப் பலகைகள் வரிசையாகத் தொடங்கும். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் பாரதிதாசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பெண் பிள்ளையை இந்த ஊருக்கு அழைத்துவருகிறோமே என்ற தயக்கத்தை அவர் அப்படித்தான் மறைத்துக்கொண்டார் என்று பிறகு புரிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஒரு லாட்ஜில் ஏறினோம். மேஜையில் தடித்த பேரேடு. பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகை, எங்கே போக, வந்த காரணம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அப்பா அழகான கையெழுத்தில், 'கல்வி நிமித்தம்' என்று எழுதினார். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று, "வாத்தியார் சாருங்களா? காத்து வர்ற ரூமாத் தர்றேன்" என்றார். வாடகை 40 ரூபாய், அட்வான்ஸ் 50. எந்த நேரத்தில் ஏறினோமோ அந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கு. இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் மறுநாள் இரவு பத்து வரை அறை நம்முடையது. பஸ்ஸை நம்பி வருகிறவனுக்கு எவ்வளவு நியாயமான ஏற்பாடு! இப்போது பல இடங்களில் பகல் பதினொரு மணிக்குக் காலி செய்யச் சொல்கிறார்கள். விடியற்காலையில் இறங்குகிறவர் பிற்பகல் வரை பையோடு தெருவில் திரிய வேண்டியிருக்கிறது.

அறையில் இரண்டு இரும்புக் கட்டில், ஆணியில் தொங்கிய கண்ணாடி, ரெகுலேட்டர் ஒரே வேகத்தில் நின்றுவிட்ட மின்விசிறி. குளியலறை வராந்தாவின் கோடியில் எல்லாருக்கும் பொது. அப்பா உள்ளே நுழைந்ததும் செய்த முதல் வேலை, கதவின் உள் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தது. பிறகு மெத்தையைத் தூக்கித் தையலோரங்களில் டார்ச் அடித்து மூட்டைப்பூச்சி பார்த்தார். பிறகு குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். கடைசியாக ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். "எங்க தங்கினாலும் இந்த நாலையும் பாத்துட்டுத்தான் பையைக் கீழ வைக்கணும்" என்றார். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ அறைகளில் நான் இன்றுவரை அதே வரிசையில்தான் பார்க்கிறேன்.

பக்கத்து அறையில் திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. ஜிப்மரில் அந்த வீட்டுப் பையனுக்கு ஆபரேஷன். பெரியம்மா ஒருத்தி வராந்தாவில் ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் ஊற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். லாட்ஜில் சமைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. ரூம் பாய் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு அவளுக்கு மண்ணெண்ணெய் வாங்கி வந்து கொடுத்தான். இரவு அவள் எங்கள் கதவைத் தட்டி அப்பாவிடம், "சார், ஒரு லெட்டர் எழுதித் தரணும்" என்று இன்லண்ட் கவரை நீட்டினாள். அவள் சொல்லச் சொல்ல அப்பா அவள் ஊருக்கு எழுதினார். பையன் கண் திறந்தான், மாட்டை விற்க வேண்டாம் என்று எழுதியது நினைவிருக்கிறது.

மறுநாள் நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்துவிட்டு, பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே நடந்தோம். வாய்க்கால் தாண்டியதும் ஊரே மாறிவிடும். மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, உயரமான மதில், மதிலுக்கு மேலே காகிதப்பூ. செயின்ட் லூயிஸ் வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பழைய மாளிகையின் நூலகத்தில் என்னை உட்கார வைத்துவிட்டு அப்பா கீழே இறங்கிப்போய்க் கடற்கரையில் மாலைவரை உட்கார்ந்திருந்தார். மணலே கிடையாது அப்போது. அலை வந்து மோத வெறும் கருங்கற்கள் மட்டும். கடலரிப்பால் போன மணல், கடலுக்குள் தடுப்பு அமைத்த பிறகு 2018 வாக்கில்தான் கொஞ்சம் திரும்பியது.

ஒவ்வொரு முறையும் அப்பா லீவு போட்டுவிட்டு வர முடியாது. அடுத்த முறை நான் தனியாகப் போனேன். அதே லாட்ஜ்தான், ஆனால் மேஜையில் வேறு மேனேஜர்.

"கூட யாரும்மா?"

"யாரும் இல்லைங்க. ஒரு வாரம் நூலகத்துல வேலை."

"ஒண்டிப் பொண்ணுக்கு ரூம் தர்றதில்லைம்மா. தப்பா நெனச்சுக்காத. அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கிட்டு வா."

கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் காட்டினேன். அதை முழுக்கப் படித்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த லாட்ஜிலும் அதே பதில், அதற்கடுத்த லாட்ஜிலும் அதே பதில். தனியாக வருகிறவர்கள் அறையில் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ் கேஸ், தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுத்தால் ஊரார் பேச்சு. அவர்கள் பக்கத்தில் அப்படி ஒரு பயம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றிலும் ஒண்டி ஆளுக்கு, அதிலும் பெண்ணுக்கு, அறை கிடைப்பது இப்படித்தான். படிக்க வந்தவளை இந்த நாட்டில் வாசலிலேயே நிறுத்திவைத்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கையில் பணம் இருக்கிறது, அறை காலியாக இருக்கிறது, ஆனாலும் இடமில்லை.

நூலகத்திலேயே ஒரு அம்மாள் என் முகத்தையும் பையையும் பார்த்துவிட்டு, "ஆசிரம கெஸ்ட் ஹவுஸ்ல கேட்டுப் பாத்தியா?" என்றார். ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதிகள் அந்த ஊரில் பல உண்டு. கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் பார்க் கெஸ்ட் ஹவுஸ், உள்ளே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையில் இன்டர்நேஷனல் கெஸ்ட் ஹவுஸ், இன்னும் சில. சைக்கிள் ரிக்‌ஷாவில் போய் இறங்கினேன். மேஜையில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு மூதாட்டி இருந்தார். பெயர், ஊர், எத்தனை நாள் என்று கேட்டார். கூட யார் என்று கேட்கவில்லை. ஒரு அச்சிட்ட தாளைக் கொடுத்தார். புகைக்கக் கூடாது, குடிக்கக் கூடாது, இரவு பத்தரைக்கு வாசற்கதவு பூட்டப்படும். "சரிதானா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த அறையின் சுத்தம் நான் அதுவரை எந்த விடுதியிலும் பார்க்காதது. சுண்ணாம்பு அடித்த சுவர், பருத்தித் துணி போர்த்திய கட்டில், கொசுவலை, சுவரில் அரவிந்தர் படமும் அன்னை படமும். டிவி கிடையாது, போன் கிடையாது. ஃபினாயில் நாற்றத்துக்குப் பதிலாகத் துணிகளை வெயிலில் காயவைத்த வாசனை. வாடகை, லாட்ஜில் கேட்டதைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. பிற்பாடு சில தடவை கடலைப் பார்த்த அறையே கிடைத்தது. இருட்டோடு எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தால் சூரியன் நம் கட்டிலுக்கு நேராகவே கிளம்பி வரும். ஆசிரியர் வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு ஜன்னல், அப்படி ஒரு வாடகையில், இந்தியாவில் வேறெந்தக் கடற்கரையில் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

முன்பதிவெல்லாம் தபால் கார்டில்தான். பதில் கார்டு வந்தால் அறை உண்டு. பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆகிய தரிசன நாட்களை ஒட்டி மட்டும் எழுதிப் பயனில்லை, வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயில் ரயிலாக ஆட்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். அப்படி ஒரு நெரிசலில் என்னையும் ஒடிசாப் பாட்டி ஒருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். அவருக்குத் தமிழும் வராது ஆங்கிலமும் வராது. எனக்கு ஒரியா வராது. முதல் நாள் இரவு துணி மூட்டையை அவிழ்த்துப் பொரியும் வெல்லமும் எடுத்து, பாதியை என் பக்கம் தள்ளினார். நான் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையைக் கொடுத்தேன். காரத்தில் கண் கலங்கி, இருந்தும் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். காலையில் நான்கு மணிக்குக் கடற்கரைக்குப் போகும்போது என்னையும் எழுப்பிக் கையைப் பிடித்து அழைத்துப்போவார். கல்லில் உட்கார்ந்து அவர் மொழியில் என்னவோ நெடுநேரம் சொல்வார். மகனைப் பற்றி என்று மட்டும் புரிந்தது. கிளம்பும் நாள் என் தலையில் கைவைத்து அழுதார். பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கையின் சூடு மறக்கவில்லை.

சாப்பாடு ஆசிரம டைனிங் ஹாலில். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். சோறு, காரமில்லாத காய், பருப்பு, தயிர், வாழைப்பழம், அங்கேயே சுட்ட ரொட்டி. யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். கும்பகோணத்து நாக்குக்கு முதல் இரண்டு நாள் கஷ்டம்தான். அதன் பிறகு வெளியே சாப்பிடத் தோன்றாது. பரிமாறுகிறவர்களில் பெரிய படிப்புப் படித்தவர்கள், பெரிய வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் இருப்பார்கள் என்று சொல்வார்கள். பார்த்தால் தெரியாது. யாருடைய தட்டிலும் வித்தியாசம் கிடையாது.

நூலகத்தில் படித்த நேரம் போக ஊரைச் சுற்றுவேன். மணிக் கணக்கில் வாடகைக்கு சைக்கிள் கிடைக்கும். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம், ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வீடு என்று போய்க்கொண்டிருப்பேன். அப்படிச் சுற்றியபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ஊரின் பெருமை பாதி, வாடகைக்கு வந்து தங்கியவர்களால் வந்தது. 1910 ஏப்ரல் 4-ஆம் தேதி கப்பலில் ரகசியமாக வந்து இறங்கிய அரவிந்தருக்குக் கோமுட்டி வீதியில் தன் வீட்டு மாடியைத் திறந்துவிட்டவர் கலவை சங்கரச் செட்டியார். மாதக்கணக்கில் அந்த மாடியில்தான் அவர் ஒளிந்திருந்தார். வ.வே.சு. ஐயரும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தார். அவர்களுக்கு முன்பே, 1908-இல், பாரதி வந்துவிட்டார். பத்தாண்டு இங்கே வாடகை வீடுகளில் இருந்தார். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்று அழைக்கப்பட்ட வீட்டுக்காரர் ஒருவர், வாடகை கேட்க வந்து, கேட்காமலே திரும்பிப் போவாராம். வ.ரா. எழுதியிருக்கிறார். அந்த ஒரு மனிதர் மாதம் பிறந்தால் கதவைத் தட்டிக் கறாராக நின்றிருந்தால், குயில் தோப்பும் கடலும் இருந்தும் அந்தப் பத்தாண்டுப் பாட்டு நமக்குக் கிடைத்திருக்குமா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் பக்தியே வருகிறது.

தமிழர் பகுதி வீடுகளில் தெருவை ஒட்டிச் சார்ப்பு இறக்கிய தாழ்வாரமும் திண்ணையும் இருக்கும். வழிப்போக்கர் எவரும் உட்காரலாம், இரவானால் படுக்கலாம். அதற்கு வாடகை இல்லை, பேரேடு இல்லை. நான் பார்த்த காலத்திலேயே பல திண்ணைகளுக்குக் கம்பிக் கதவு போட்டுவிட்டார்கள்.

ஆய்வேட்டை எழுதி முடிக்கும் காலத்தில் தொடர்ந்து சில மாதங்கள் தங்க வேண்டியிருந்தது. விடுதியில் அவ்வளவு நாள் இடம் தரமாட்டார்கள். மிஷன் வீதிக்கு மேற்கே ஒரு சந்தில், ஒரு வீட்டின் மாடி அறை கிடைத்தது. கீழே முற்றமும் தூணுமாகத் தமிழ் வீடு, மேலே வளைந்த ஜன்னலும் பலகைக் கதவுமாகப் பிரெஞ்சு வீடு. வீட்டுக்கார அம்மாளைத் தெருவே சைகோன் பாட்டி என்று கூப்பிட்டது. கணவர் சைகோனில் பிரெஞ்சு அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் பழைய குடிவழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களில் பலர் இப்படி இந்தோசீனாவுக்கு வேலைக்குப் போனார்கள். பட்டாளத்தில் இருந்த சொல்தாக்கள், சுங்கத்தில் இருந்தவர்கள், காவலாட்கள் என்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் எத்தனையோ வீடுகளுக்கு அந்த ஊர்ச் சம்பளத்தில்தான் மாடி எழும்பியது. பாட்டிக்கு மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும்.

"வாடகை நீ என்ன தருவ?" என்று என்னையே கேட்டார். சொன்னேன். "அதுல பாதி போதும். ராத்திரி எங்கூட உக்காந்து சாப்பிடணும், அது மீதிப் பாதி."

சனிக்கிழமைகளில் நெம் செய்வார். அரிசித் தாளை ஈரத்துணியில் விரித்து, உள்ளே கறியும் சேமியாவும் காய்கறியும் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பது. எனக்காகக் கறி வைக்காமல் தனியாக நான்கு. சுருட்டிக்கொண்டே சைகோனைப் பற்றிச் சொல்வார். மழை நின்ற மறுகணம் தெரு முழுக்கச் சைக்கிள்கள் கிளம்புவது, மாரியம்மன் கோயிலில் அந்த ஊர்ப் பெண்கள் நம்மைவிடப் பயபக்தியோடு கும்பிடுவது, கப்பலில் வந்து இறங்கும் நம் ஊர் ஆட்களை யார் வீட்டிலாவது முதல் மாதம் சும்மா தங்கவைப்பது. "அங்க போய் எறங்கினவன யாரும் தெருவுல விட மாட்டோம் பொண்ணு. பேரு தெரியாட்டியும் புதுச்சேரின்னு சொன்னாப் போதும்." நான் எப்போதாவது போய்ப் பார்க்க வேண்டும் என்றார். போகிறேன் பாட்டி என்றேன். அவர் இருக்கும்போது போக முடியவில்லை.

வெகு காலம் கழித்து என் மகள் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவள் பணத்தில், அவளோடுதான் போனேன். ஊரின் பெயர் இப்போது ஹோ சி மின் நகரம். ஆனால் அங்குள்ளவர்களும் பேச்சில் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். ஃபாம் ஙு லாவோ என்ற தெருவைச் சுற்றிய சந்துகளில் குறைந்த செலவில் தங்க வருகிறவர்களுக்கான அறைகள். இரண்டு ஆள் அகலத்துச் சந்து. அதில் ஒரு கட்டு அகலமும் ஐந்து மாடி உயரமுமாக நெருக்கி நெருக்கி நிற்கும் வீடுகள். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம் குடியிருக்கிறது. வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். கூடத்தில் ஒரு பக்கம் மூதாதையர் படத்துக்கு ஊதுவத்தி எரிகிறது, இன்னொரு பக்கம் பேரப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதுகிறான், இரவானால் குடும்பத்தின் மோட்டார் சைக்கிள்களும் அதே கூடத்துக்குள் வந்துவிடுகின்றன. நாம் அவர்கள் குடும்பத்தின் நடுவே புகுந்து மாடிக்குப் போகிறோம். நான் தாழ்ப்பாளையும் மெத்தையையும் குழாயையும் ஜன்னலையும் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தேன். மகள் சிரித்தாள். "தாத்தா சோதனையா?" என்றாள்.

பெரிய ஹோட்டல்களிலிருந்து நடக்கிற தூரத்தில், நகரத்தின் நடுவயிற்றிலேயே இந்த அறைகள் இருந்தன. காலையில் நீளமான ரொட்டி, முட்டை, கெட்டிப் பால் ஊற்றிய காபி. சாப்பிட்டுவிட்டு பென் தான் சந்தை தாண்டி ட்ருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போனோம். வியட்நாமியப் பெண்கள் மூலஸ்தானத்துக்குப் பின்பக்கம் போய்க் கருங்கல் சுவரில் நெற்றியை அழுத்தி, சுவரோடு ரகசியம் பேசுவதுபோல் வேண்டிக்கொண்டிருந்தார்கள். பாட்டி சொன்னது அத்தனையும் உண்மை. நானும் சுவரில் நெற்றி வைத்து அவர் பெயரைச் சொன்னேன்.

இந்த முறை, சாவிக் குவியலைப் பார்த்த அந்த மாசியில், புதுச்சேரிக்குப் போனபோது சனிக்கிழமை. ஆசிரம விடுதிகளில் இடமில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே, நான் சைக்கிளில் சுற்றிய தெருக்களில், மதில் சுவர் வீடுகள் பலவும் தங்கும் விடுதிகளாக மாறியிருக்கின்றன. ஒன்றில் விசாரித்தேன். ஓர் இரவுக்கு 6,500 ரூபாய், வார நாளென்றால் கொஞ்சம் குறையும் என்றார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வார இறுதிக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவர்களின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வீடுகளைப் புதுப்பித்ததால் அவை இடியாமல் நிற்கின்றன. அது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. கவனிப்பாரில்லாமல் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014 மழையில் இடிந்து விழுந்து, பிறகு அதே வடிவில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்ததே. பழைய வீட்டைக் காப்பாற்றப் பணம் வேண்டும், அந்தப் பணம் விருந்தினரிடமிருந்துதான் வர வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் அந்தத் தெருக்களில் ஏழை மாணவிக்கு ஒரு ஜன்னலும் மிச்சமில்லாமல் போனதை நான் எப்படிச் சரி என்று சொல்வேன்?

கடைசியில் மகள் போனிலேயே பார்த்து, வாய்க்காலுக்கு மேற்கே ஒரு ஹாஸ்டலில் பெண்களுக்கான டார்மிட்டரியில் படுக்கை பிடித்துக் கொடுத்தாள். மாடிக் கட்டில் வரிசை. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை, ஒரு விளக்கு, செல்போனுக்கு ஒரு பிளக். ஆதாரைக் காட்டினால் போதும். கூட யார் என்று யாரும் கேட்கவில்லை. என் கீழ்க்கட்டிலில் மிசோரம் பெண் ஒருத்தி, எதிர்க்கட்டிலில் கோயம்புத்தூர்ப் பெண், இருவரும் ஒண்டியாகவே ஊர் சுற்றுகிறவர்கள். என் வயதைப் பார்த்துக் கீழ்க்கட்டிலை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். பழைய லாட்ஜ் கதையைச் சொன்னபோது கோயம்புத்தூர்ப் பெண் நம்ப மாட்டாமல், "காசு குடுத்தாலுமா ஆன்ட்டி?" என்றாள். அவளுக்கு அது நம்ப முடியாத கதையாகிவிட்டதில் எனக்கு ஏற்பட்ட நிறைவைச் சொல்லி முடியாது. என் தலைமுறை எந்த வாசலிலெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டதோ அந்த வாசல்கள் சில திறந்திருக்கின்றன.

மூடிக்கொண்டவையும் உண்டு. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துச் சின்ன லாட்ஜ்கள் ஒவ்வொன்றாக இடிந்து வணிக வளாகங்களாகின்றன. 2022 ஜூலை வரை ஒரு நாளைக்கு 1,000 ரூபாய்க்கு உட்பட்ட அறைகளுக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருந்தது. பிறகு 12 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்ததற்கு நன்றி. ஆனால் அந்த வாடகை அறைக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்திருந்தால் வரியே போட மனம் வந்திருக்காது.

நான் மறுநாள் கோரிமேட்டுக்குப் போனேன், தெரிந்தவர் ஒருவரை ஜிப்மரில் பார்க்க. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் மரத்தடியிலும் வராந்தா ஓரத்திலும் துணி விரித்துப் படுத்திருந்தன. தலைமாட்டில் தூக்குவாளி, எக்ஸ்ரே உறை. வாரக் கடைசிக்கு வருகிறவர்களைத்தான் புதுச்சேரி தன் விருந்தாளிகள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. இவர்களும் இந்த ஊருக்கு வந்தவர்கள்தான், அதுவும் வேறு வழியே இல்லாமல் வந்தவர்கள். அன்று மண்ணெண்ணெய் ஸ்டவ் வைத்துக் கஞ்சி காய்ச்சிய அந்தப் பெரியம்மாவுக்கு 40 ரூபாயில் கதவும் தாழ்ப்பாளும் இருந்தன. இன்று அவள் வந்தால் எங்கே படுப்பாள்?

புதுச்சேரி அரசு சுற்றுலாவுக்குச் செய்கிற செலவில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, கோரிமேட்டில் நோயாளிகளோடு வருகிறவர்களுக்கும், வாய்க்காலுக்குக் கிழக்கே நூலகங்களுக்குப் படிக்க வருகிற மாணவர்களுக்கும், குறைந்த வாடகையில் சுத்தமான அறைகளைக் கூடுதலாகக் கட்டித் தர வேண்டும். அரசுக் கட்டடங்கள் எத்தனையோ பூட்டிக் கிடக்கின்றன, இடத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டில் மாடி அறை காலியாக இருக்கும் புதுச்சேரிக்காரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: வருஷம் முழுக்க வார இறுதிக்காரர்களுக்கே விடாதீர்கள். ஒரே ஓர் அறையையாவது, படிக்கவோ வைத்தியத்துக்கோ வருகிற ஒண்டி ஆளுக்கென்று, அவரால் கொடுக்க முடிந்த வாடகைக்கு ஒதுக்கி வையுங்கள்.